குதிரைச் சவாரி கவச உடை: 'லெவல் 3' லேபிள் இருந்தால் போதுமா? 'ஃபிட்டிங்' ஏன் உயிர்ப் பிரச்னை ஆகிறது?

2024-ம் ஆண்டு மே 26-ம் தேதி. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் உள்ள பிக்டன் என்ற இடத்தில் சர்வதேச குதிரையேற்றப் போட்டி நடந்துகொண்டிருந்தது. தடை ஒன்றைத் தாண்டும்போது விழுந்த பிரிட்டன் வீராங்கனை ஜார்ஜி கேம்பல் உயிரிழந்தார். அவருக்கு வயது 37. பாரிஸ் ஒலிம்பிக் தொடங்க இரண்டே மாதம் இருந்த நேரம் அது.

இப்படி ஒரு செய்தியைப் படிக்கும் யாருக்கும் உடனே ஒரு கேள்வி வரும். ஹெல்மெட், மார்புக் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டுதானே இவர்கள் ஓட்டுகிறார்கள்? அப்புறம் எப்படி? அந்தப் போட்டியின் 'கிராஸ் கன்ட்ரி' சுற்றில் கவச உடை இல்லாமல் இறங்கவே முடியாது என்பது விதி. அப்படியானால் அந்த உடை எதற்கு?

நியாயமான கேள்விதான். குறிப்பிட்ட அந்த விபத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் பொதுவாகப் பார்த்தால் பதிலில் இரண்டு பாதி இருக்கிறது. அந்த உடையால் எதைத் தடுக்க முடியும், எதை முடியாது என்பது ஒரு பாதி. அது உடம்பில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்பது மறுபாதி. முதல் பாதி வீரர் கையில் இல்லை. இரண்டாவது முழுக்க முழுக்க அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் கடையில் வாங்கும்போது பலரும் கோட்டைவிடுவது இந்த இரண்டாவதில்தான்.

எந்தப் போட்டி இது?

'ஈவென்டிங்' என்று இதற்குப் பெயர். ஒரே குதிரை, ஒரே வீரர், மூன்று பரீட்சை. முதலில் நடை அழகைக் காட்டும் டிரெஸ்ஸாஜ். அடுத்து வயல்வெளி, சரிவு, தண்ணீர் எல்லாம் கடந்து ஓடும் கிராஸ் கன்ட்ரி. கடைசியாக மைதானத்துக்குள் தடை தாண்டுதல். நம்ம ஊர் ஆட்களுக்கு நினைவிருக்கும், டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருவைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா 23-வது இடம் பிடித்தது இந்தப் பிரிவில்தான். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இந்தியர் ஒருவர் களமிறங்கியது 20 ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான்.

ஆபத்து அதிகம் இருப்பது நடுவில் வரும் கிராஸ் கன்ட்ரியில். மைதானத்தில் குதிரையின் கால் பட்டால் கம்பு கீழே விழுந்துவிடும். இங்கே தடைகள் பெரும்பாலும் மரக்கட்டைகள், அசையாதவை. பெரிய போட்டிகளில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடிவரும் குதிரை முன்னங்கால் தட்டி அப்படியே தலைகுப்புறச் சுழன்றால், சுமார் 500 கிலோ எடை வீரரின் மேலேயே வந்து விழும். சுழல் விழுகை என்று சொல்லப்படும் இதைக் கண்டுதான் இந்த விளையாட்டே பயப்படுகிறது.

1999-ம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் ஐந்து ஈவென்டிங் வீரர்கள் உயிரிழந்தார்கள். அதையடுத்து லார்ட் ஹார்ட்டிங்டன் தலைமையிலான குழு 2000-ல் ஒரு பாதுகாப்பு அறிக்கை கொடுத்தது. குதிரை சுழன்று விழாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை என்ற பார்வை வலுப்பட்டது. குதிரை பலமாக மோதினால் முறிந்து தடையைக் கீழே இறக்கிவிடும் ஊசிகளும் கிளிப்புகளும் அதன் பிறகு வந்தவை.

ஏன் இதைச் சொல்கிறோம் என்றால், குதிரை மேலேயே விழுந்தால் அந்த எடையைத் தாங்கும் கவச உடை எதுவும் கடையில் கிடையாது. உடை தயாரிப்பவர்களே அப்படிச் சொல்வதில்லை.

சூப்பர்மேனும் போட்டிருந்தார்

'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே மாதம் அமெரிக்காவின் விர்ஜீனியாவில் இதே மாதிரி ஒரு போட்டியில்தான் விழுந்தார். குதிரை தடைக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டது. அவர் முன்பக்கமாகத் தலைகீழாகப் போய் விழுந்தார். ஹெல்மெட்டும் இருந்தது, கவச உடையும் இருந்தது. ஆனால் கழுத்தின் மேல் எலும்புகள் இரண்டு உடைந்து, கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. 2004-ல் இறக்கும் வரை சக்கர நாற்காலிதான்.

கழுத்து முறிவை இந்த உடை தடுக்காது. முதுகு முறுக்கிக்கொள்வதையும் தடுக்காது. அப்படியென்றால் வேஸ்ட்டா? இல்லை. குதிரையிலிருந்து விழும் எல்லோரும் ரீவ் மாதிரி விழுவதில்லை. பக்கவாட்டில் தரையில் விழுந்து விலா எலும்பு உடைவது, கட்டையில் மார்பு இடிப்பது, எழுந்திருப்பதற்குள் குளம்பால் ஒரு மிதி வாங்குவது, லாயத்தில் சேணம் கட்டும்போது உதை வாங்குவது, இவைதான் அன்றாடம் நடப்பவை. அடியின் வேகத்தை ஒரே இடத்தில் இறங்கவிடாமல் பரப்பி, கொஞ்சம் மெதுவாக்கி உள்ளே அனுப்புவது ஃபோமின் வேலை. கிரிக்கெட்டில் பேடு செய்யும் வேலைதான். விலா எலும்பும் அதற்குப் பின்னால் இருக்கும் நுரையீரல், கல்லீரல், மண்ணீரலும் இதனால்தான் தப்பிக்கின்றன.

ஆனால் பேடு முழங்காலை விட்டு நகர்ந்துவிட்டால்? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

லேபிளில் என்ன இருக்கிறது?

ஐரோப்பாவில் இந்த உடைக்கான தர விதியின் எண் இஎன் 13158. பிரிட்டனில் இதை ஒட்டி முத்திரை கொடுக்கும் அமைப்பின் பெயர் பீட்டா. ஜல்லிக்கட்டு சமயத்தில் நாம் கேட்ட பீட்டா இல்லை, இது வேறு. பிரிட்டிஷ் குதிரையேற்றப் பொருள் வணிகர் சங்கத்தின் சுருக்கப் பெயர். அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப்1937 என்று தனித் தரம் உண்டு.

பீட்டா முத்திரையில் மூன்று லெவல். லெவல் 1 கறுப்பு லேபிள், பாதுகாப்பு குறைவு, எடையும் குறைவு. பந்தய ஜாக்கிகளுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு என்பதால் அவர்களுக்காக வைத்திருப்பது. லெவல் 2 பழுப்பு, ஆபத்து குறைந்த சூழலுக்கு. சாதாரண சவாரி, தடை தாண்டுதல், போட்டி, குதிரையோடு வேலை செய்வது எல்லாவற்றுக்கும் பரிந்துரைக்கப்படுவது லெவல் 3. 2009-ம் ஆண்டுத் தரத்தில் இதன் லேபிள் ஊதா நிறம். 2018-ம் ஆண்டுத் தரத்தில் நீலமும் கறுப்பும். பழைய லேபிள் கொண்ட உடையைச் சில அமைப்புகள் ஏற்பதில்லை என்பதால், போட்டிக்குப் போகிறவர்கள் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

வழக்கமாக வாங்கும் வழிகாட்டிகள் இந்த இடத்தோடு முடிந்துவிடும். லெவல் 3 வாங்குங்கள், அவ்வளவுதான் என்று. ஆனால் அந்த லேபிள் சொல்வது ஆய்வகத்தில் நடந்த சோதனையின் முடிவை. எடையைத் தூக்கி ஃபோம் மேல் போட்டு, அடிப்பக்கம் எவ்வளவு விசை இறங்குகிறது என்று அளக்கிறார்கள். அங்கே ஃபோம் அசையாமல் இருக்கும். உங்கள் உடம்பில் அது ஏறி இறங்கி, திரும்பி, தோளில் தொங்கினால் அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

சரியான அளவு என்றால் எது?

முதலில் மூன்று அளவு எடுக்க வேண்டும். மார்பின் அகலமான இடத்தில் சுற்றளவு. இடுப்புச் சுற்றளவு. மூன்றாவதுதான் பலரும் விட்டுவிடுவது: முன்பக்க இடுப்பில் தொடங்கி, தோள் மேலாக ஏறி, பின்பக்க இடுப்பு வரை டேப்பை ஓட்டும் நீளம். டி-ஷர்ட் சைஸை வைத்து 'எனக்கு மீடியம்' என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டால் பெரும்பாலும் இந்த நீளத்தில்தான் அடி விழும். ஒவ்வொரு கம்பெனியின் மீடியமும் வேறு. உடம்பு நீளமாகவும் கால் குட்டையாகவும் இருப்பவர்களுக்கும், அதற்கு நேர் எதிராக இருப்பவர்களுக்கும் என்று ஒரே மார்பளவில் நீளமான வகை, குட்டை வகை தரும் கம்பெனிகளும் உண்டு.

போட்டுப் பார்க்கும்போது முன்பக்கத்தில் மேல் விளிம்பு மார்பெலும்பின் உச்சிக்கு வர வேண்டும். பின்பக்கத்தில் கழுத்துக்குக் கீழே தலையைக் குனிந்தால் தட்டுப்படும் எலும்பு முடிச்சு வரை மூட வேண்டும். அடி விளிம்பு கடைசி விலா எலும்பைத் தாண்டி ஓர் அங்குலமாவது கீழே இறங்க வேண்டும். விலா எலும்பு வெளியே தெரிகிற மாதிரி குட்டையான கவசம் போடுவது, கதவை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பது மாதிரி.

அதிகமாக இறங்கினாலும் தப்பு. சேணத்தில் உட்கார்ந்ததும் பின்பக்கம் சேணத்தில் இடித்தால், ஒவ்வொரு தடவை குதிரை குதிக்கும்போதும் உடை மேலே தள்ளப்பட்டு, கழுத்து விளிம்பு ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் மோதும். தலை முன்னால் சாய்ந்து, பார்வை மறைந்து, சமநிலை போகும். பாதுகாப்புக்காகப் போட்டதே விழக் காரணமாகிவிடும். எனவே நின்றுகொண்டு கண்ணாடி பார்த்து வாங்கும் பொருள் இல்லை இது. கடையில் சேணம் வைத்த மரக்குதிரை இருந்தால் அதில் ஏறி உட்காருங்கள். இல்லாவிட்டால் ஒரு ஸ்டூல் போதும். முன்னால் சாய்ந்து தாண்டும் நிலைக்கு வாருங்கள், கடிவாளம் பிடிப்பது மாதிரி கையை நீட்டுங்கள், இரண்டு பக்கமும் திரும்புங்கள். பிறகு யாரையாவது தோள் பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் சைஸ் இல்லை.

இறுக்கம் எவ்வளவு? நன்றாக மூச்சை இழுத்து விட முடிய வேண்டும், ஆனால் உடை உடம்பைச் சுற்றி நகரக் கூடாது. முதலில் தோள் பட்டைகளைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் பக்கவாட்டுப் பட்டைகளை இழுப்பதுதான் சரியான வரிசை. வரிசை மாறினால் எல்லாம் இழுபறி ஆகிவிடும்.

போட்ட இரண்டாவது நிமிடமே 'ஐயோ, அட்டை மாதிரி இருக்கே' என்று கழற்றிவிடாதீர்கள். இந்த ஃபோம் உடம்புச் சூட்டில் இளகும் வகை. ஐந்து, பத்து நிமிடம் போட்டுக்கொண்டு நடந்தால் உடம்பின் வளைவுக்கு ஏற்ப படியும். அதன் பிறகு பட்டைகளை இன்னொரு முறை இறுக்க வேண்டியிருக்கும். அப்போதும் அக்குளில் அறுத்தால், விலாவில் குத்தினால், தைரியமாக வேறு மாடல் கேளுங்கள். ஏனென்றால் சங்கடமான கவசத்துக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் வாரம் பட்டை தளரும். இரண்டாவது வாரம் ஜிப் பாதியில் நிற்கும். மூன்றாவது வாரம் உடை லாயத்து ஆணியில் தொங்கும். வசதி என்பது இங்கே சொகுசு இல்லை, பாதுகாப்பின் ஒரு பகுதி.

ஃபோம் பலகை பெரிதாக இருக்கும் மாடல்களைவிட, சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கோர்த்த மாடல்கள் உடம்போடு நன்றாக வளையும், காற்றும் கொஞ்சம் போகும். விலை கூடுதல்தான். சென்னை, பெங்களூரு வெயிலில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கூடுதல் விலை நியாயமானது என்பதே என் கணிப்பு. எந்த மாடலாக இருந்தாலும் உள்ளே மெல்லிய சட்டை மட்டும் போடுங்கள். சவாரி முடிந்த கையோடு ஜிப்பைத் திறந்து கழற்றி, தண்ணீர் குடிப்பதும் முக்கியம். அதைக் கழற்றிக் கார் டிக்கியில் வெயிலில் போட்டுவிடக் கூடாது. அதிகச் சூடு ஃபோமைக் கெடுக்கும்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆண் உடம்பை மனதில் வைத்து வெட்டிய நேரான கவசம் மார்பில் அழுத்தி, அதற்குக் கீழே இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளியில்தான் கீழ் விலா எலும்புகள் இருக்கின்றன. மார்பு அழுத்துகிறதே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் தோளும் நீளமும் தளர்ந்துவிடும். பெண்களுக்கென்று வெட்டிய மாடல்கள் இப்போது கிடைக்கின்றன. சவாரிக்குப் போடும் அதே ஸ்போர்ட்ஸ் பிராவோடு போய்ப் போட்டுப் பார்ப்பது அவசியம். வேறு உள்ளாடையோடு எடுத்த அளவு உதவாது.

'வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா வாங்குவோம்'

ஸ்கூல் யூனிஃபார்மில் ஆரம்பித்து ஷூ வரை நம் வீடுகளில் இதுதான் சட்டம். கவச உடை விலையைப் பார்த்தால் அப்பா, அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இந்த ஒரு பொருளில் அந்தக் கணக்கு வேலை செய்யாது. பெரிய கவசத்துக்குள் பிள்ளை விழும்போது உடை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போகும். உட்காரும்போதே அது சேணத்தில் இடித்து முகவாய் வரை ஏறும். பிள்ளையால் குனியவும் முடியாது, பார்க்கவும் முடியாது.

அக்காவுடையதைத் தம்பிக்குப் போடலாமா? சைஸ் சரியாக இருந்தால், எப்போது வாங்கியது, எத்தனை முறை விழுந்தது என்று வீட்டுக்கே தெரியும் என்பதால், தாராளமாகப் போடலாம். முகம் தெரியாதவரிடம் செகண்ட் ஹேண்ட் வாங்குவதுதான் சிக்கல். அடி வாங்கிய வரலாறு வெளியே தெரியாது. காசு பற்றவில்லை என்றால், பயிற்சி மையத்தில் இருக்கும் உடைகளில் பிள்ளைக்குச் சரியாக இருப்பதை ஒவ்வொரு வகுப்பிலும் பட்டை இறுக்கிப் போட்டுவிடுவது, பெரிய சைஸில் புதிதாக வாங்குவதைவிட மேல். ஹெல்மெட் மட்டும் பிள்ளைக்கென்று சொந்தமாக, சரியான அளவில் இருக்கட்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் ஹெல்மெட்டுக்கே முதலிடம்.

காற்றுப்பை ஜாக்கெட் வந்த பிறகு இதெல்லாம் தேவையா?

2009, 2010 வாக்கில் பிரிட்டன் போட்டிகளில் திடீரென்று பரவியது காற்றுப்பை ஜாக்கெட். முதலில் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக வந்த யோசனை. சேணத்தோடு ஒரு கயிறு கட்டியிருக்கும். வீரர் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபட்டு, சின்ன கார்பன் டை ஆக்சைடு குப்பி திறந்து, கண் இமைக்கும் நேரத்தில் ஜாக்கெட் ஊதிக்கொள்ளும். காரில் இருக்கும் ஏர்பேக் மாதிரி. போடுவதற்கு லேசு, வெயிலுக்கும் பரவாயில்லை. அதனால் 'ஃபோமை விட்டுவிட்டு இதை மட்டும் போடலாமே' என்ற ஆசை வருவது இயல்பு.

சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் ஈவென்டிங் விதி அதை ஏற்கவில்லை. காற்று ஜாக்கெட் போடுவதானால் உள்ளே ஃபோம் கவசமும் இருந்தாக வேண்டும். காரணம் எளிது. வீரர் சேணத்தை விட்டுப் பிரிந்தால்தான் கயிறு இழுபடும். குதிரையோடு சேர்ந்தே விழுந்தால் ஜாக்கெட் நேரத்துக்கு ஊதாமல் போகலாம். தரையில் நிற்கும்போது வரும் உதைக்கும் அது உதவாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சர்வதேசப் போட்டிகளில் நடந்த விழுகைகளை வைத்து ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், காற்று ஜாக்கெட் போட்டவர்களுக்குக் கடுமையான காயம் குறைந்ததாகத் தெரியவில்லை. கூடுதலாகவே தெரிந்தது. ஜாக்கெட்டால்தான் காயம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. யார் அதைப் போடுகிறார்கள், எப்படிப்பட்ட விழுகை என்பதெல்லாம் கலந்த கணக்கு அது. ஆனால் 'இதைப் போட்டால் ஒன்றும் ஆகாது' என்ற விளம்பர நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கினால் ஃபோம் கவசத்துக்கு மேலே போடும் அளவில் வாங்குங்கள். அதற்கு மேல் இறுக்கமான கோட் போட்டு மூடாதீர்கள், ஊதும்போது நெஞ்சை நெரிக்கும். இறங்குவதற்கு முன் கயிற்றைக் கழற்ற மறக்காதீர்கள். மறந்தால் 'டப்' என்று வெடிக்கும், குப்பிக் காசு போகும், பக்கத்தில் நிற்கும் குதிரை மிரளும். மைதானத்தில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது தனி.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி அரை மணி நேரம் குதிரையில் போவதற்கெல்லாம் இவ்வளவு வேண்டுமா என்று கேட்கலாம். ஒருவர் கயிறு பிடித்து நடத்திக்கொண்டு போகும் சவாரிக்குக் கவச உடை யாரும் கேட்பதில்லை. ஹெல்மெட் கேளுங்கள். பிள்ளையைத் தனியாக ஓடவிடச் சொல்லாதீர்கள்.

விழுந்த பிறகு உடையை என்ன செய்வது?

முதலில் டாக்டர், அப்புறம்தான் உடை. உடையைத் துடைத்து, விரலால் முழுக்க அழுத்திப் பாருங்கள். அடிபட்ட இடத்தில் குழி விழுந்திருக்கும். சுமார் அரை மணி நேரத்தில் ஃபோம் பழைய வடிவத்துக்கு வந்துவிட வேண்டும். குழி அப்படியே இருந்தால் அந்த இடம் இனி அடி தாங்காது, உடையை மாற்றித்தான் ஆக வேண்டும். விழாமலே இருந்தாலும் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறார்கள், ஃபோம் மெல்ல மெல்ல விறைத்துத் திறன் இழக்கும் என்பதால். ஒட்டும் பட்டைகளில் வைக்கோலும் முடியும் சேர்ந்து பிடிப்பு போய்விட்டதா என்பதையும் பாருங்கள்.

பயிற்சி மையத்தின் பொது உடைகளுக்கும் இதே கணக்குதான். தினமும் பத்துப் பேர் போடும் உடை வீட்டு உடையைவிடச் சீக்கிரம் தேயும். லேபிள் உள்பக்கம் தைத்திருக்கும். அதில் லெவலும் தர ஆண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எப்போது வாங்கியது என்று மையத்திலேயே கேட்டுவிடுங்கள். லேபிள் கிழிந்துபோயிருந்தால் வேறு உடை கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.